எட்டாவது பொத்தான்

இந்தக் கார்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேட்பது அதன் கடமை. ஆமாம் என்று அமுக்குவது என் பழக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பிள்ளைகளின் புராஜெக்டுக்காக வருடா வருடம் எத்தனையோ கார்டுகளை இப்படித் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. நானும் அந்தக் கேள்வியைப் படிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. போன விஜயதசமி அன்று காலையிலும் படிக்கவில்லை. அன்று நான் செய்தது அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்று வரை தெரியாது.

அப்பா திருச்சுழிக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்த்தவர். மானாவாரிக் காடு. பருத்தி போடுவார், மக்காச்சோளம் போடுவார், மழை ஏமாற்றினால் ஆடுகளை வைத்துச் சமாளிப்பார். கம்மாய்க் கரையில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்க்கரைக் கருவேலங்காட்டுக்குள் மேய்கிற ஆடுகள் அத்தனையும் தலையைத் தூக்கும். ஊரில் யாருக்காவது யாரையாவது தூரத்திலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அப்பாவிடம்தான் வந்து நிற்பார்கள்.

அந்தக் குரல் கம்மிப்போனதை முதலில் கண்டுபிடித்தது ஆடுகள். சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டிருக்கிறார், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆடுகூட இப்ப நம்மள மதிக்க மாட்டேங்குது என்று வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். அம்மா சிரித்திருக்கிறாள். போனில் என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன். பீடியைக் குறையுங்கள் என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு போனை வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆவணி முடிவதற்குள் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் ஆகிவிட்டது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் போடுகிற துவாரம் வழியாகத்தான் இனி மூச்சு என்றார் டாக்டர். பேசுவதற்கு வேறு வழிகளும் கருவிகளும் உண்டு, பழகப் பல மாதம் ஆகும், ஆனால் இவர் விஷயத்தில் இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப ஆட்ட எப்பிடிக் கூப்பிடுறது, டாக்டர்?"

டாக்டர் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

அதன் பிறகு அப்பாவும் அம்மாவும் பாளையம்பட்டியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, வார முடிவில்தான் வருவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள் என்று அப்பாவின் போனை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், இவரும் பேசிக்கொண்டே இருப்பார் என்கிற கோபம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து நான் செய்தவற்றில் அதுவும் ஒன்று.

பெட்டி யோசனை என்னுடையதுதான். உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் போர்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதோடு எட்டு காலிங்பெல் சுவிட்சுகளை இணைத்து ஒரு மரப்பெட்டியில் பொருத்திவிட்டால், எந்தச் சுவிட்சை அமுக்குகிறாரோ அதற்குரிய சொல் அப்பாவின் குரலிலேயே ஸ்பீக்கரில் வரும். ஆபரேசனுக்கு முன்னால் அவர் குரலைப் பதிந்துவைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சொன்னதும் அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆபரேசன் முடிந்து கண் முழிக்கும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்.

பதிவதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி விசைத்தறிக் கூடங்கள். விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்குப் பழகிப்போன சத்தம், ஆனால் ரெக்கார்டருக்குப் பழகவில்லை. அப்பாவின் கம்மிய குரல் அதற்கடியில் அமுங்கிப்போனது. கடைசியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளுக்காகக் காத்திருந்தோம். அன்று தறிகள் எல்லாம் நின்றுவிடும். பேட்டரியில் ஓடுகிற ரெக்கார்டர் ஒன்றைக் காலேஜிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தேன்.

ஃபேன் இல்லாத அறையில் வேர்த்து வழிய உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அப்பா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். தண்ணி. பசிக்குது. வலிக்குது. ஃபேனப் போடு. வெளிய போகணும். ஆமா. வேணாம். அவர் தண்ணி என்றதும் அம்மா செம்போடு வந்து நின்றாள். சரியாக வரவில்லை, இன்னொரு தடவை என்றேன். மறுபடியும் தண்ணி என்றார், மறுபடியும் அம்மா வந்தாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவைக் கொல்லைப்பக்கம் துணி அலசப் போகச் சொல்லி அனுப்பினேன்.

எட்டாவது பொத்தானுக்கு என்ன வைப்பது என்று கேட்டேன். அம்மாவைக் கூப்பிட ஒன்று வேண்டும் என்றார். அப்படியானால் வழக்கம்போல இந்தா என்று சொல்லுங்கள் என்றேன். அப்பா அம்மாவை எப்போதும் இந்தா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அவர் வயது ஆண்கள் யாரும் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெட்கமோ, பழக்கமோ, இரண்டுமோ. அம்மாவின் பெயர் எங்கள் வீட்டில் ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும்தான் இருந்தது.

அப்பா கொல்லைப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு ரெக்கார்டரை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

அம்மாவின் பெயரைச் சொன்னார்.

சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, காட்டுக்கு அந்தப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குரலில் அந்தப் பெயர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"கூப்பிடாமயே காலத்த ஓட்டிட்டேன்த்தா. இனி நானா கூப்பிடப் போறேன், பெட்டிதான கூப்பிடப் போகுது. பெட்டிக்கு என்ன வெக்கம்?" என்றார். பிறகு, "அம்மாட்டச் சொல்லிறாத. கேக்கும்போது கேக்கட்டும்" என்றார்.

ரெக்கார்டர் பதிந்தது அதிலிருந்த மெமரி கார்டில். சுண்டுவிரல் நகத்தளவு கார்டு. ஒரே கடையில், ஒரே கம்பெனியில், ஒரே அளவில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று குரலுக்கு, இன்னொன்று அந்தப் போர்டுக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். பேர் எழுத அதில் இடமில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஆகச் சின்னதை எடுத்துக் குரல் இருந்த கார்டின் மேல்பக்கத்தில் ஒட்டினேன். பொட்டு வைத்தது அப்பா. மூளியாக இருப்பது போர்டுக்கு. இதைவிட எளிதான அடையாளம் உண்டா என்று பெருமையாக இருந்தது.

உடனே அதை லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்திருக்க வேண்டும். எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கிற அவசரம், லீவுக்கு எழுதிக் கொடுக்கிற அவசரம், ஆஸ்பத்திரிக்கு அலைகிற அவசரம். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கார்டுகளையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேசை மேல் வைத்தேன்.

ஆபரேசனுக்குக் கிடைத்த தேதி விஜயதசமிக்கு மறுநாள். முந்தின நாளே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். ஆயுத பூஜை வீட்டிலேயே கழியட்டும் என்று அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல். ஊரில் என்றால் அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைப்பாள். இங்கே எதற்கு வைப்பது என்று என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உன் ஆயுதம் எது என்று கேட்டாள். எல்லாமும்தான் என்று ஏதோ வேலையில் இருந்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். சொன்ன சொல்லை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பூஜைக்குக் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால் லேப்டாப், பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், ஸ்குரூடிரைவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். வாழை இலையில் பொரி, கடலை. ஒரு வெற்றிலையின் மேல் அந்த இரண்டு கார்டுகள், ஆளுக்கொரு சந்தனக் கீற்றோடு. எனக்குச் சுருக்கென்றது. கார்டின் பின்னாலிருக்கிற தகட்டில் சந்தனம் பட்டால் என்ன ஆகும் என்று அதட்டினேன். மேல்பக்கம்தான் வைத்திருக்கிறேன் என்றாள். எடுத்துத் துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்றாள். நாளை மறுநாள் என்ன நாள் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. விட்டுவிட்டேன். அப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் அந்த வெற்றிலையைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் விடிந்தபோது ஒரு தறிச் சத்தமும் இல்லை. பண்டிகைக்காக எல்லாக் கூடமும் அடைப்பு. கரண்டு நிற்கிற நாளில் வருகிற அமைதி பழகியது, இது வேறு மாதிரி இருந்தது. தெருவில் கூடத்துக்குக் கூடம் வாசலில் உடைத்துப்போட்ட பூசணிக்காய்கள், குங்குமம் கரைந்து ரோடெல்லாம் சிவப்பு. அப்பா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து வருவதற்குள் அம்மா பூஜையைக் கலைத்து, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்துவிட்டிருந்தாள். டப்பாவைத் திறந்தேன். இரண்டு கார்டும் பளிச்சென்று இருந்தன. ஒன்றில் பொட்டு, இன்னொன்று மூளி. புது வேலை ஆரம்பிக்க நல்ல நாள், ராகு காலம் வருவதற்குள் ஆரம்பித்துவிடு என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். எனக்கு நல்ல நேரம் கெட்ட நேரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு மீற மனசு வரவில்லை. மூளிக் கார்டை லேப்டாப்பில் செருகினேன்.

அந்தச் சின்ன போர்டுக்குத் தனியாக ஹார்டு டிஸ்க் கிடையாது. அதன் புத்தி முழுக்க அந்தக் கார்டில்தான். கார்டு இல்லாமல் கரண்டு கொடுத்தால் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். கார்டைத் தயார் செய்வது என்றால் பாட்டை ஏற்றுகிற மாதிரி எதையோ காப்பி பண்ணிப் போடுவது இல்லை. ஒரு முழு சிஸ்டத்தையும் கார்டின் முதல் இடத்திலிருந்து எழுதிக்கொண்டே போக வேண்டும். அதில் முன்னால் என்ன இருந்தாலும் போய்விடும். அதனால்தான் அந்தக் கேள்வி.

கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.

பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அம்மா இட்லி வைத்துக் கொடுத்தாள். கோடு நகர நகரச் சாப்பிட்டேன். எழுதி முடித்து, சரிபார்த்து, வெற்றி என்று வந்தது. கார்டைப் போர்டில் செருகிக் கரண்டு கொடுத்தேன். பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டி, நின்று, பிறகு விடாமல் சிமிட்ட ஆரம்பித்தது. முதல் தடவையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு அப்படி நடப்பது அபூர்வம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பச்சை விளக்கைச் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார்.

மத்தியானம் இருவரையும் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கார் வைக்கிறேன் என்றதற்கு பஸ்ஸே போதும் என்று அப்பா கையைக் காட்டினார். வார்டில் ஒருவர்தான் தங்கலாம், அது அம்மா. நான் பெட்டியை முடித்துவிட்டு விடியக்காலை முதல் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மீதிப் பொழுதெல்லாம் சுவிட்சுகளைப் பற்றவைத்தேன், பெட்டியில் எட்டு துளை போட்டேன். குரலை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை, அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் குளித்துக் கிளம்பித் தயாராக நின்றுகொண்டு பொட்டுக் கார்டை லேப்டாப்பில் செருகினேன். காலியாக இருந்தது.

எடுத்துவிட்டு மறுபடி செருகினேன். வேறு கார்டு ரீடரில் போட்டுப் பார்த்தேன். கடையிலிருந்து வந்தது போல் துடைத்துவைத்த புதுக் கார்டு, எதுவுமே எழுதப்படாதது. பெட்டிக்குள் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூளியாக இருந்த கார்டுதான் அப்பா.

எப்படி என்று யோசிக்க நேரமில்லை. மணி ஐந்தரை. எட்டு மணிக்கு ஆபரேசன். அம்மாவுக்கு போன் போட்டு, அப்பாவைப் பேசச் சொல்லி இங்கேயே பதிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. போட்டேன். எனக்குப் பின்னால், அடுப்படி மேடையில், சார்ஜரில் கிடந்து அம்மாவின் போன் அடித்தது. அப்பாவின் போன் என் பீரோவுக்குள்.

அந்த பஸ் காரியாபட்டி போய்ச் சேர்வதற்குள் நான் எத்தனை முறை மணி பார்த்தேன் என்று தெரியாது. வழியில் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்காகவும் டிரைவர் நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் ஏறியவர்களை மனசுக்குள் திட்டினேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அப்பா, கார்டு போய்விட்டது. கத்தியின் கீழே படுக்கப் போகிறவரிடம் எப்படி இதைச் சொல்வது?

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து வராந்தாவில் லிஃப்டுக்காக நிறுத்தியிருந்தார்கள். பச்சை உடுப்பு. அதற்கு மேலே அவருடைய துண்டு, அதை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. வண்டிக்கு அந்தப் பக்கம் அம்மா. என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"பெட்டி ரெடியாத்தா?" என்றார்.

அது அவர் குரல். என் போன் இன்னும் பைக்குள்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டேன். அம்மாவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் அவரிடம் உண்மையைச் சொல்லி, அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை வாங்கிவிடலாம். அம்மா, போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வா என்றேன். இப்போது எதற்குத் தண்ணீர், அவருக்குக் கொடுக்கக் கூடாதே என்று அம்மா அசையவில்லை. அவள் கை வண்டியின் கம்பியைப் பிடித்திருந்த பிடி எனக்குத் தெரியும். அன்றைக்கு யார் சொன்னாலும் அதை விட்டிருக்க மாட்டாள்.

"பெட்டிக்கு இன்னும் ஒரு சத்தம் வேணும்ப்பா. சும்மா டெஸ்ட்டுக்கு. ஏதாச்சும் பேசுங்க" என்றேன்.

நான் சொன்ன பொய் அதுதான். டெஸ்ட்டுக்கு என்றேன். அவருடைய எட்டுச் சொற்களும் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பித்தான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். லிஃப்ட் கதவு திறந்தது. துண்டை எடுங்கள் என்று வண்டி தள்ளுகிறவர் சொன்னார். அப்பா துண்டை உருவி அம்மா பக்கம் நீட்டினார்.

"இந்தா, துண்டப் பிடி."

கதவு மூடிவிட்டது. போனைப் பார்த்தேன், பதிந்திருந்தது.

ஆபரேசன் மத்தியானம் தாண்டியும் நடந்தது. அந்தத் துண்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே அம்மா எதையெதையோ பேசிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் அழுதுவிடுவாள் என்பதால் பேசினாள். பேச்சோடு பேச்சாக அதையும் சொன்னாள்.

"சந்தனத்தத் தொடைக்கையில அந்தப் பொட்டு கையோட வந்துருச்சுத்தா. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற நாளும் அதுவுமா பொட்டு உதுந்தா எனக்கு எப்பிடி இருக்கும். சட்டுனு எடுத்துத் திருப்பி ஒட்டிட்டேன். நல்லாத்தான ஒட்டிருந்துச்சு?"

எதில் ஒட்டினாய் என்று நான் கேட்கவில்லை. நன்றாக ஒட்டியிருந்தது என்றேன். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. பொட்டை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது, நான் படிக்கவில்லை.

அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடை ஒன்று மதுரையில் இருப்பதாகச் சொன்னார்கள். கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே எழுதியதோடு ஒருதரம் ஓடவும் விட்டுவிட்டீர்கள், பழையது எதுவும் மிச்சமில்லை என்று மூன்றாம் நாள் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். அப்பாவின் கழுத்தில் துவாரம், அதில் குழாய். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு விசில் மாதிரி வரும், அவ்வளவுதான் அவர் சத்தம். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். என்னைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் கட்டைவிரலால் காற்றில் ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டுவார். பெட்டி எங்கே என்று அர்த்தம். வீட்டில் இருக்கிறது, நீங்கள் வந்ததும் என்பேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினேன், சொல்லாமல் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறித் திரும்பினேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

அவர் வீட்டுக்கு வந்த அன்று தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்தேன். ஏழு சுவிட்சுகளைக் கழற்றிவிட்டிருந்தேன். காலியான ஏழு துளைகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஏழும் சரியாக வேலை செய்யவில்லை அப்பா என்றேன். பரவாயில்லை என்று கையை ஆட்டினார். எட்டாவது இருக்கிறதே என்கிற மாதிரி அதைத் தட்டிக் காட்டினார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அம்மா அடுப்படியில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா தலையைக் கையால் கோதிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுப்படி வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று கதவைச் சாத்தச் சொன்னபோது இருந்த அதே முகம். பொத்தானை அமுக்கினார்.

"இந்தா, துண்டப் பிடி" என்றது பெட்டி.

அப்பாவின் விரல் பொத்தானிலிருந்து எழவில்லை. முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. கேட்பதற்கு அவருக்குக் குரல் இல்லை. சிலேட்டு பக்கத்திலேயே கிடந்தது, அதையும் எடுக்கவில்லை. கார்டு அழிந்துவிட்டது அப்பா, நான்தான் அழித்தேன் என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். குழாயில் அந்த விசில் மட்டும் வேகமாக வந்தது.

அதற்குள் அம்மா ஓடி வந்துவிட்டாள். கையில் அந்தத் துண்டு. அவருக்கு வேர்க்கிறது என்று நினைத்து, குழாயில் படாமல் கழுத்தைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறாள்.

அப்பா என்னிடமிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பொத்தானை அமுக்கினார். பெட்டி மறுபடியும் அதையே சொன்னது.

"அதான் வந்துட்டேன்ல" என்றாள் அம்மா. "பெறகும் எதுக்கு அமுக்குறீக?"